ஆறு வயதுக்கு முன்னால் ஒரு டீச்சர்

மாற்றல் ஆர்டர் கையில் வந்ததும் நம்மவர்கள் முதலில் தேடுவது என்ன? வாடகை வீடு, பிள்ளைகளுக்கு ஸ்கூல், இட்லி அரிசி கிடைக்கிற கடை. எங்கள் வீட்டில் சில வருடங்களாக அந்தப் பட்டியலின் முதல் வரியே வேறு. இரண்டாவது பையனுக்கு டவுன் சிண்ட்ரோம். அவனுக்கு ஒரு டீச்சர் வேண்டும். டாக்டர் எந்த ஊரிலும் கிடைத்துவிடுகிறார். இந்த மாதிரிச் சின்னக் குழந்தைக்குச் சொல்லித்தரவென்றே படித்த டீச்சர்தான் கிடைப்பதில்லை.

2022 கடைசியில் லக்னோவில் இருந்தோம். பையனுக்கு இரண்டரை வயது. ஒரு சென்டரில் (பெயர் எதற்கு?) சேர்த்தோம். வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம். உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள். இரண்டாவது வாரமே, "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், குழந்தை குழம்புகிறான், ஹிந்தி மட்டும் பேசுங்கள்" என்றார்கள். என் மனைவியின் ஹிந்தி காய்கறி வண்டிக்காரரோடு முடிந்துபோகிற ஹிந்தி. வெளியே வந்ததும், "ஏங்க, பய ஆச்சிகிட்ட போன்ல ஹிந்தியா பேசுவான்?" என்றாள். தமிழை நிறுத்தவில்லை. சென்டரைத்தான் நிறுத்தினோம்.

2023-ல் செகந்திராபாத். இங்கே மனோவிகாஸ் நகரில், 1984-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் ஒன்று இருக்கிறது. 'மனவளர்ச்சி குன்றியோர்' என்றிருந்த பழைய பெயரை மாற்றி இப்போது என்ஐஈபிஐடி என்கிறார்கள். (அந்தப் பழைய பெயர் போனதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.) அங்கே 'எர்லி இன்டர்வென்ஷன்' முதுநிலை டிப்ளமா படித்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தோம். வாரங்கல் பக்கத்துப் பெண்.

முதல் நாள் அவள் பையனைத் தொடவே இல்லை. தரையில் உட்கார்ந்து என் மனைவியிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். காலையில் யார் எழுப்புவது? எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்? தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவான்? வீட்டில் என்ன பாஷை? தமிழ் என்றதும், "அப்படியே பேசுங்கள், நான் கற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு நோட்டை எடுத்தாள். தண்ணி, தா, போதும், வேண்டாம், ஆச்சி. எல்லாவற்றையும் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொண்டாள். அவளுக்குப் 'போதும்' வராது, 'போத்தும்' என்பாள். பையன் அதையே பிடித்துக்கொண்டான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரசம் 'போத்தும்'தான்!

இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். "இதுதான் சார் எங்க படிப்பே" என்று சிரித்தாள். பட்டம் முடித்தவர்கள் சேர்கிற ஒரு வருடப் படிப்பு அது. அவள் கூடப் படித்தவர்களில் பிசியோதெரபி முடித்தவரும் உண்டு, உளவியல் முடித்தவரும் உண்டு. ஒருவர் வேலையை மற்றவர் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையிடம் கால், கை, பேச்சு என்று தனித்தனி இலாகா கிடையாது. நிமிர்ந்து உட்கார முடியாதவனுக்கு ஸ்பூன் பிடிக்க வராது. அதைவிட முக்கியமாக, அம்மாவுக்குச் சொல்லித்தரப் பழக்குகிறார்கள். நான் பி.காம்.காரன், கணக்கு எனக்கு உடனே புரிந்தது. வாரத்துக்கு 168 மணி நேரம். டீச்சர் கையில் இரண்டு. மிச்சம் வீட்டில்.

தமிழ் விஷயத்திலும் அவள் குருட்டுத் தைரியத்தில் சொல்லவில்லை. கனடாவில் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளைப் பார்த்து 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு மொழி கேட்டு வளர்ந்ததால் அவர்கள் பேச்சு பின்தங்கியதாகத் தெரியவில்லை. படித்தவளுக்குத் தெரிந்திருந்தது. லக்னோவில் கதவைச் சாத்தியவர்களுக்குத் தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1992-ஆம் வருட இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் இந்த வேலையைச் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்கள் தொழிலில் செக் திரும்பினால் இரண்டாண்டு வரை சிறை, தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். எதற்கு மதிப்பு அதிகம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2024-ல் அந்தப் பெண் ஒரு தனியார் பள்ளிக்குப் போய்விட்டாள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. கோபம் வந்தது, ஆனால் அவள் மேல் இல்லை. அவளுக்குக் கல்விக் கடன் தவணை இருக்கிறது, மாதச் சம்பளம் வேண்டும். இலவசக் கல்வி உரிமை 2009 சட்டத்திலும் ஆறு வயதில்தான் தொடங்குகிறது, 2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் அப்படித்தான். உச்ச நீதிமன்றம் 2021-ல், தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்றது. 2025 மார்ச்சில், அந்தப் பணியிடங்களை அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் எல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. அதற்குக் கீழே அங்கன்வாடி. அதற்கும் 2023-ல் ஒரு வழிகாட்டி வந்தது. ஏற்கெனவே பத்து வேலை பார்க்கிற அங்கன்வாடிப் பெண் தலையில் இது பதினொன்றாவது. சின்னக் குழந்தைக்கென்று படித்தவளுக்கு அங்கே ஒரு நாற்காலி இல்லை.

போகும்போது அந்த நோட்டை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனாள். பெரியவன் ஸ்கூலில் தெலுங்கு படிக்கிறான், அவன்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். சின்னவனுக்கு ஆறு வயது ஆகப்போகிறது. எனக்கு எப்போது வேண்டுமானாலும் அடுத்த மாற்றல் வரலாம்.

உங்களில் யாருக்காவது இதே தேடல் இருந்தால் ஒன்று செய்யுங்கள். புது ஊரில் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் டீச்சரின் ஆர்சிஐ பதிவு எண்ணைக் கேளுங்கள். அடுத்து, நானும் உள்ளே உட்காரலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால், காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் அடுத்த இடத்துக்கு ஆட்டோ பிடியுங்கள்.