வெயிலை வடிகட்டுகிறவர்கள்

மதுரை, திண்டுக்கல், தேனி ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் வரும் சாலைகள் கூடி, கொடைக்கானல் மலைக்கு ஏறும் பாதைக்கு வழிவிடுகிற வத்தலக்குண்டு, ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயரையும், தேசபக்தர் சுப்பிரமணிய சிவாவையும், மணிக்கொடிக் காலத்து பி. எஸ். ராமையாவையும் ஈன்ற ஊர். ஆயினும் இன்று அங்கே வண்டியை நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோர், டீ குடிக்கவும், டயருக்குக் காற்றடிக்கவும், மலையேறுமுன் பிரேக்கைச் சரிபார்க்கவுமே நிறுத்துகிறார்கள். சிலர் கண்ணாடிக்குக் கூலிங் பேப்பர் எனப்படும் பிலிம் ஒட்டிக்கொள்ளவும் நிறுத்துவதுண்டு. அதை ஒட்டித் தருகிற தொழிலாளர்களின் கைவேலையை அருகிருந்து காணவேண்டுமென்ற விருப்பமே என்னை ஒரு கோடைகாலக் காலைப்பொழுதில் அவ்வூருக்கு இட்டுச் சென்றது.

நான் போனபோது பிலிம் ஒட்டும் கொட்டகைக்குள் நின்றது ஒரு கேரவன் வண்டி. நீண்ட வேன் ஒன்றின் பின்பகுதியில் கட்டிலும், சிறு அடுப்படியும், கழிப்பறையும் அமைத்து, சினிமாப் படப்பிடிப்புக்கும் குடும்பச் சுற்றுலாவுக்கும் வாடகைக்கு விடுகிற வகை. பின்னறைக்குக் குளிர்சாதனம் தனியே உண்டு. ஓட்டுநர் உட்காரும் முன்பகுதிதான், அகன்ற கண்ணாடி வழியே வந்து விழும் வெயிலில் அடுப்பாகக் காய்கிறது. அதை ஓட்டிவந்த இளைஞர், முன்கண்ணாடிக்கும் இரு கதவுக் கண்ணாடிகளுக்கும் பிலிம் ஒட்டித் தரச் சொன்னார்.

“அண்ணே, நல்லா கருப்பா ஒட்டிருங்கண்ணே. உள்ள ஆள் இருக்கறதே தெரியக்கூடாது.”

“கருப்பு வேணாந்தம்பி. மலைல ஓட்டப்போற வண்டி. எதுக்க வர்றவனுக்கு உன் மொகம் தெரியணும்ல?”

ஐம்பது வயதைக் கடந்த அந்தக் கைவினைஞர் சொன்ன இந்த ஒரு வார்த்தையில் இருந்த நியாயம் என் மனத்தை விட்டு அகலவில்லை. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும் என்பது விதி. ஆனால் கொண்டை ஊசி வளைவில் இரண்டு பஸ்கள் எதிர்ப்படும்போது அந்த விதியை நிறைவேற்றுவது ஹாரன் ஒலி அன்று. ஒரு ஓட்டுநர் கண்ணாடிக்குள்ளிருந்து கையை அசைப்பதும், மற்றவர் தலையை அசைத்து அதை ஏற்பதுமே. பெருமாள்மலைப் பக்கம் மூடுபனி இறங்கிவிட்டால் அந்தச் சைகையையும் மங்கலான வெளிச்சத்தில்தான் கண்டுகொள்ளவேண்டும். ஆகவே வண்டியின் முன்கண்ணாடி, அதன் உள்ளிருப்பவர் காண்பதற்கு மட்டுமின்றி, அவரைப் பிறர் காண்பதற்கும் உரியது. அதை இருட்டடிக்க உரிமையாளருக்குப் பூரண சுதந்திரம் உண்டென்று நான் கருதவில்லை.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதியின்படி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விடவேண்டும். 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், எந்த அளவு ஒளியை விடுவதாயினும் பிலிம் ஒட்டவே கூடாது என்று தீர்ப்பளித்தது. அப்போது சாலையோரங்களில் போலீசார் வண்டிகளை மறித்துப் பிலிமை உரித்ததையும், தம்மைப் போன்றோர் நம்பர் பிளேட் ஸ்டிக்கருக்கும் சீட் கவருக்கும் தாவிப் பிழைக்க நேர்ந்ததையும் பெரியவர் கசப்பின்றியே நினைவுகூர்ந்தார். பின்னர் விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் உட்புறம் பிளாஸ்டிக் படலம் பதித்த கண்ணாடிக்கும் இடமளிக்கப்பட்டது. ஒளியளவு குறையாதபடி பிலிம் ஒட்டுவது குற்றமன்று என்று 2024-இல் கேரள உயர்நீதிமன்றமும் கூறியது.

ஆனால் இந்த ஒளியளவில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. அதை அறியாமலே பலர் ஏமாறுகிறார்கள். பிலிம் சுருளில் 60 என்று போட்டிருந்தால் அது பிலிமின் அளவு மட்டுமே. கண்ணாடி தானே ஓரளவு ஒளியை விழுங்கிவிடுகிறது. 75 சதவீதம் விடுகிற கதவுக் கண்ணாடியில் 60 சதவீதப் பிலிமை ஒட்டினால், இரண்டையும் பெருக்கிவரும் 45-தான் மிஞ்சும். அது சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. பெரியவர் இந்தப் பெருக்கலை வாய்க்கணக்காகவே போட்டுவிட்டு, சிறிய மீட்டர் ஒன்றைக் கண்ணாடியில் பொருத்தி உறுதிசெய்துகொண்ட பிறகே சுருளைத் தேர்ந்தெடுத்தார். சூரிய வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிராகவே வருவதால், அதை மட்டும் தடுத்து வெளிச்சத்தை விட்டுவிடுகிற செராமிக் பிலிம்கள் இப்போது கிடைக்கின்றன. விலை அதிகம். மலிவான சாயப் பிலிம் சில ஆண்டுகளில் வெளுத்து ஊதாவாகிப் பார்வையைக் கெடுக்கும்; உலோகம் பூசியதோ பாஸ்டேக்கின் சமிக்ஞையையே மறிக்கக்கூடும்.

வேலை தொடங்குமுன் தரையில் தண்ணீர் தெளித்தார்கள். மின்விசிறியை நிறுத்தி ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். இத்தனையும் தூசிக்காக. பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கிய ஒரு மணல் துகள், வண்டி உள்ளளவும் ஓட்டுநரின் கண்ணெதிரே புள்ளியாக நிற்கும். பழைய பசையை பிளேடால் சுரண்டி, பீடிங் ரப்பரின் இடுக்கைத் துடைத்து, ஷாம்பூ கலந்த நீரைத் தெளித்துக் கழுவியபின், முன்கண்ணாடிக்குரிய பிலிமை முதலில் வெளிப்புறத்தில்தான் விரித்தார்கள். கண்ணாடி வளைந்தது, பிலிமோ தட்டையானது. ஆகையால் ஓரங்களில் எழும் மடிப்புகளை ஹீட் கன்னின் சூட்டால் சுருக்கிச் சுருக்கி, கண்ணாடியின் வளைவையே அது தன் வடிவாகக் கொள்ளும்வரை பழக்கவேண்டும். சூடு ஓரிடத்தில் மிகுந்தால் கண்ணாடியில் விரிசல் விழக்கூடும். பெரியவர் இடக்கையைக் கண்ணாடியில் வைத்துச் சூட்டை அறிந்துகொண்டே வலக்கையால் ஹீட் கன்னை நகர்த்தினார். அந்த உள்ளங்கையைவிட நம்பகமான கருவி அந்தக் கொட்டகையில் இல்லை என்பது என் அபிப்பிராயம். பிறகு உள்ளே கொண்டுபோய், அவர் மருமகன் ஒரு முனையைப் பிடிக்க, பின்தாளை உரித்து, பசைமேல் நீர் பாய்ச்சிப் படியவைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர்த் தகட்டால் நீரைத் தள்ளினார். இருவரும் அந்நேரம் ஒரு சொல்லும் பேசவில்லை.

கதவுக் கண்ணாடிகளில் அவர் கூடுதல் சிரத்தை காட்டியதற்குக் காரணம் உண்டு. முன்கண்ணாடி இரு தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியதாதலால் புற ஊதாக் கதிரைப் பெரிதும் தானே தடுத்துவிடும். கதவுக் கண்ணாடி அவ்வாறன்று. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகத்தில், ஜன்னலோரமாயிருந்த இடப்பக்கம் மட்டும் தோல் தடித்துச் சுருங்கிப்போயிருந்ததை 2012-இல் ஒரு மருத்துவ சஞ்சிகை படத்துடன் வெளியிட்டது. நம் நாட்டில் அந்த வெயில் ஓட்டுநரின் வலப்பக்கத்தில் விழுகிறது. மேலே குளிர்தானே என்று எண்ணவேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, கொடைக்கானலோ இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஓட்டுநர்களின் சட்டைக்கையை ஏற்றிப் பார்த்தால் வலக்கையின் நிறம் இதற்குச் சாட்சி சொல்லும். இருளுக்காக அன்றி, இந்தத் தோலுக்காகவே கதவுக் கண்ணாடிக்குப் பிலிம் அவசியம் என்பேன்.

வேலை முடிந்ததும் முன்கண்ணாடியில் பால் கலங்கினாற்போல் ஒரு மங்கல் தெரிந்தது. அது உள்நீர், சில நாளில் வற்றிவிடும் என்று விளக்கி, கதவுக் கண்ணாடிகளை நாலு நாள் இறக்கவேண்டாம் என்றும் எச்சரித்தார் பெரியவர். பின்னறையில் தூங்குகிறவர்களுக்கு முன்னாலிருந்து வெளிச்சம் அடிக்குமே என்று இளைஞர் இன்னமும் தயங்கினார்.

“அதுக்கு ஒன் சீட்டுக்குப் பின்னால கெட்டித் துணியில ஒரு ஸ்கிரீன் போட்டுக்க தம்பி. டெய்லர்கிட்ட அளவு குடுத்தா சாயங்காலத்துக்குள்ள தச்சுத் தந்துருவாரு.”

இளைஞர் டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு, இருக்கைக்குப் பின்னால் அகலம் அளக்கப் போனார்.