பண்ருட்டி மரம், தஞ்சாவூர் மெழுகு

நெய்வேலி ஆர்ச் கேட்டில் கும்பகோணம் பஸ்ஸுக்காக நிற்கும்போது, பண்ருட்டிப் பக்கமிருந்து மர லாரிகள் போகும். பெரும்பாலும் சவுக்கு, முந்திரி விறகு. எப்போதாவது பட்டை உரிக்காத பலாக் கட்டை வரும். வெட்டுவாயின் மஞ்சளை வைத்துத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். இதே சாலை வடலூர், சேத்தியாத்தோப்பு, அணைக்கரை தாண்டித் தஞ்சாவூர் போகிறது. அந்தக் கட்டைகளில் சில அங்கே வீணையாகின்றன. டவுன்ஷிப்காரர்களான எங்களுக்குப் பலாச்சுளை தெரிந்த அளவு பலாமரம் தெரியாது. அதனால்தான் கிளம்பினேன்.

முதல் நிறுத்தம் காடாம்புலியூர்ப் பக்கத்தில் ஒரு மர அறுவை மில். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் அதே வகைச் செம்மண்ணில்தான் இந்தத் தோப்புகளும் நிற்கின்றன. மில்காரர் ஒரு துண்டைப் புரட்டிக் காட்டினார். ஓரத்தில் வெளுப்பு, நடுவில் மஞ்சள். வெளுப்பை உளுத்துப்போகும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வீணைக்கு வேண்டியது நடுவிலிருக்கும் வைரம். மஞ்சளாக இருக்கும் அந்த வைரம் வெயிலும் காற்றும் பட்டுப் பழுப்பேறி, வருஷக்கணக்கில் செம்பழுப்பாகும். கோயிலுக்குப் பக்கத்தில் மணியோசை கேட்டு வளர்ந்த மரம்தான் நன்றாகப் பேசும் என்பார்கள். மில்காரர் அதையெல்லாம் நம்புகிறவராகத் தெரியவில்லை. "வயசான மரமா, ஓட்டை இல்லாம இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலைத் தொடாமல் இந்த ஊரில் மரப் பேச்சு முடியாது. வேரோடு சாய்ந்த தோப்புகளில் பிறகு வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன. ஆனால் வீணைக்கு ஆகும் வைரம் பிடிக்க அவற்றுக்கு இன்னும் காலம் போக வேண்டும்.

தஞ்சாவூர்ப் பட்டறைக்குள் போனதும் மூக்கில் ஏறுவது மரத்தூள்தான். வீணையின் குடம் குடைகிற இடத்தில் ஒருவர் உளியை வைத்து, தட்டி, நிறுத்தி, விரலால் கனம் பார்க்கிறார். ஒரே மரத்தில் குடமும் தண்டியும் யாளி முகமும் கடைந்தெடுத்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. விலை வித்தியாசம் பெரிது. ஏகாந்தத்துக்கு முழு நீளத்துக்கும் பழுதில்லாத மரம் கிடைக்க வேண்டுமே.

நான் பார்க்கப் போனது மேளம் கட்டுவதை, அதாவது தந்திக்குக் கீழே வரும் உலோக மெட்டுகளை மெழுகில் நிறுத்துவதை. மரத்தில் இவ்வளவு பாடுபட்டுவிட்டு, சுரம் பிறக்கும் இடத்தை மட்டும் மெழுகில் விட்டிருக்கிறார்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் உருக்கி, கரித்தூள் கலந்து, கைபொறுக்கும் சூட்டில் பிசைகிறார்கள். தண்டியின் இரு விளிம்பிலும் கரிய வரப்பாக அதை ஏற்றி, அதன்மேல் 24 மெட்டுகளை நிறுத்துகிறார்கள். இரண்டு ஸ்தாயி, ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த அமைப்பு நிலைபெற்றதாகச் சொல்வது வழக்கம்.

மேளம் கட்டுகிறவரிடம் அளவுகோல் எதுவும் இல்லை. தந்தியை மீட்டுகிறார், காதைச் சாய்க்கிறார், சூடேற்றிய இரும்பை மெழுகில் காட்டி மெட்டை மயிரிழை நகர்த்துகிறார். மறுபடி மீட்டுகிறார். ஒரு மெட்டு தன் அண்டை மெட்டைவிட உயர்ந்திருந்தால் தந்தி அதில் உரசி இரையும். அப்போது அதை அழுத்துகிறார். கிட்டாரில் இந்த வேலைக்கு இடமில்லை. நரம்பின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் வந்துவிடும். மிச்ச நீளத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது. அந்தக் கணக்கில் தொழிற்சாலையிலேயே விரல் பலகையில் வரி அறுத்து உலோகக் கம்பியை அடித்து இறக்கிவிடுகிறார்கள்.

கிட்டார் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவில் பிள்ளைகள் கற்றுக்கொள்வதெல்லாம் அதுதான், பராமரிப்பு பற்றிக் கேள்வியும் என்னிடம்தான் வரும். பலகை என்ன மரம் என்று முதலில் பார்க்க வேண்டும். பழுப்பில் கருங்கோடும் நுண்துளையும் தெரிந்தால் ரோஸ்வுட். உலகமெங்கும் 'இந்திய ரோஸ்வுட்' என்று விற்பது நம் மலைகளின் ஈட்டிதான். 2017-இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்து, 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. வெளுப்பாக, மேலே பளபளவென்று பூச்சு இருந்தால் மேப்பிள். ஈரத்துணியில் கறுப்பு ஒட்டினால் சாயம் ஏற்றிய மலிவு மரம். ரோஸ்வுட்டுக்கு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை சில சொட்டு மினரல் ஆயில் தடவித் துடைத்தால் போதும். பூச்சுள்ள மேப்பிளுக்கு எண்ணெய் உள்ளேயே இறங்காது. சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் காறிப்போகும். ஏசி அறையில் மாதக்கணக்கில் கிடந்தால் மரம் சுருங்கி, கம்பி நுனி வெளியே நீண்டு விரலைக் கீறும்.

வீணைக்கோ எண்ணெயே பகை. வாசிக்கிறவர்கள் தந்தியில் விரல் வழுக்குவதற்காக இடக்கையில் துளி எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். "அதுதான் சார் மெழுகுல எறங்கி மேளத்தை எளக்கும். கார் டிக்கில வச்சுட்டு மத்தியானம் சாப்பிடப் போவாங்க. திரும்பி வந்தா மெட்டு பூரா சாஞ்சு கெடக்கும்" என்றார் மேளக்காரர். பழுதுக்கு வந்திருந்த ஒரு வீணையின் மெட்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து, உலோகத்தில் நகம் பதிகிற ஆழத்துக்குப் பள்ளம். அரத்தால் ராவிச் சமன் செய்தால் மெட்டு தாழும், தாழ்ந்த அளவுக்கு மெழுகை உயர்த்த வேண்டும். மெழுகு இளகுவது குறை என்று நினைத்துப் போயிருந்தேன். இளகாவிட்டால் இந்த வேலையே நடக்காது.

திருகாணியால் மெட்டு மாட்டிய வீணைகளும் மூலையில் இருந்தன. அதில் ஏதாவது மனத்தாங்கல் இருக்குமோ என்று கேட்டேன். "என்ன சார் தாங்கல்? அமெரிக்காவுக்குப் போற வீணைக்கு அதுதான் சரி. அங்க மேளம் கட்ட யாரு இருக்கா?" என்று சிரித்தார்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றிக் கேட்டபோது, கூலியில் ஒன்றும் தெரியவில்லை என்று சுருக்கமாகச் சொன்னார். செதுக்கு வேலைக்குப் பையன்கள் இன்னும் வருகிறார்களாம், செய்த வேலைக்குச் சீக்கிரம் காசு பார்க்கலாம். மேளத்துக்கு முதலில் சுருதி காதில் ஏற வேண்டும், அதற்கு வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்களில் பையனுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்றுதான் அவர் திருப்பிக் கேட்டார்.