விரித்துப் பார்க்க இயலாத குடை

குடை வாங்க மலாக்கா நகருக்குச் செல்லும் உம்பாய் மக்கள், பணம் கொடுக்குமுன் அதனை விரித்துப் பார்ப்பர். கம்பி வளைந்துள்ளதா, துணியில் ஓட்டை உண்டா என்று கடைக்காரர் எதிரிலேயே ஆராய்வர். அந்தக் குடைக்கு அத்தேர்வே போதும். அது பழுதுபட்டால் தலை நனையும், அவ்வளவே. வாங்குபவர் அவ்வாறு சோதித்தறிய இயலாத குடை ஒன்று உண்டு. வானில் பறப்போர் உடன் கொண்டு செல்லும் சேம வான்குடையே அது.

சேமம் என்னும் சொல்லுக்கு நலம், காவல் என்னும் பொருள்கள் உண்டு. போரில் தேர் முறிந்தால் ஏறுதற்கென நிறுத்திய தேர் சேமத்தேர் எனப்பட்டது. வில் ஒடிந்தால் எடுத்தற்கென வைத்த வில் சேமவில் எனப்பட்டது. முதலாவது கைவிடும் நேரமும் வரலாம் என்று முன்னரே எண்ணிய மக்களின் சொற்கள் இவை.

மலாக்கா மாநிலத்தார்க்கு வான்குடை புதிய பொருளன்று. 1994ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மலேசியத் தரைப்படையின் பத்தாம் வான்குடைப் படையணிக்குத் தெரெண்டாக் முகாமே இருப்பிடம். வானூர்தியிலிருந்து குதிக்கும் வீரர் முதுகில் முதன்மைக் குடையையும் மார்பில் சேமக் குடையையும் அணிவர். அவர்க்குரியதைத் தேர்ந்து தருவது படைத்துறை. பொழுதுபோக்காகப் பறப்பவர்க்கோ அத்தகைய துணை இல்லை. சிலாங்கூரின் ஜுக்ரா குன்றிலிருந்து துணிச்சிறகு கட்டிப் பறக்கும் இளைஞர் தம் சேமக் குடையைத் தாமே தேர்ந்து வாங்க வேண்டும். காற்றின் குழப்பத்தால் சிறகு மடங்கி மீளாதபோது, கைப்பிடியை இழுத்து அக்குடையை வெளியே வீசுவர். அப்பொழுது அது விரிந்தே ஆகவேண்டும். மறுமுறை முயலப் பெரும்பாலும் நேரமிராது.

தையற்கலைஞர் பிரான்ஸ் ரைஷெல்ட் என்பார் தாமே தைத்த வான்குடை உடையை அணிந்து, 1912 பிப்ரவரி 4ஆம் நாள் பாரிஸ் ஐபெல் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து குதித்தார். பொம்மையை வீசியே சோதிப்பார் என்று நம்பி அதிகாரிகள் இசைவு தந்திருந்தனர். அவரோ தம் உடலையே சோதனைப் பொருளாக்கி உயிர் துறந்தார். அவர்க்கு நம்பிக்கை குறைவில்லை. நம்பிக்கைக்கு அடிப்படையாக வேண்டிய சோதனையே குறைவு. வாங்குபவர் செய்யவியலாத சோதனையை அவருக்கு முன்னரே பிறர் செய்து முடித்தமைக்குச் சான்றுதான் தரச்சான்றிதழ். மோட்டார் சைக்கிளோட்டிகள் தலைக்கவசத்தில் சிரிம் முத்திரையைத் தேடுவதும் இதன் பொருட்டேயாம்.

துணிச்சிறகுப் பறப்பவரின் சேமக் குடைக்கு ஐரோப்பியத் தரவிதி 12491 பெரிதும் பின்பற்றப்படுகிறது. குறித்த எடையைத் தாங்கி இறங்கும்போது வேகம் விநாடிக்கு 5.5 மீட்டரை மிகலாகாது என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவர் தரையைத் தொடும் வேகம் அது. வானூர்தியிலிருந்து குதித்து வீழ்வோர்க்கு அமெரிக்காவில் டி.எஸ்.ஓ. சி23 என்னும் வேறொரு தரம் உண்டு. மணிக்கு 200 கிலோமீட்டரை அணுகும் வீழ்ச்சியில் விரியும் அதிர்ச்சியைத் தாங்குமாறு அக்குடை அமைகிறது. ஆதலின் ஒன்றன் சான்று மற்றொன்றுக்கு ஆகாது. சான்று உண்டா என்பதோடு நில்லாமல், எதற்குரிய சான்று என்றும் வினவுதல் வேண்டும்.

அடுத்தது எடை. உடலின் எடை மட்டும் கணக்கன்று. சிறகு, இருக்கைக் கச்சை, தலைக்கவசம், உடை, குடிநீர் ஆகிய எல்லாம் சேர்ந்ததே கணக்கு. 100 கிலோகிராமுக்கு விநாடிக்கு 5.5 மீட்டர் வேகத்தில் இறங்கும் குடையில் 121 கிலோகிராம் தொங்கினால் வேகம் ஏறத்தாழ 6 மீட்டராகும்; ஒன்றரை மீட்டர்க் குதிப்பு இரண்டு மீட்டரை நெருங்கும். கணுக்கால் பிழைப்பதும் முறிவதும் அவ்வேறுபாட்டில் அடங்கலாம். மிகப் பெரிய குடையே நல்லது எனக் கருதுவதும் தவறு. சுமை குறைந்தால் அது விரியத் தாமதமாகலாம். தன் எடையைத் தானே குறைத்துச் சொல்பவனை எந்தச் சான்றிதழும் காவாது.

தோட்டத்தில் பிறந்து தொழிற்சாலையில் உழைக்கும் இளைஞன் ஒருவன், சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடு பழைய குடை ஒன்றை வாங்கச் செல்கிறான் எனக் கொள்க. விற்பவர், “தம்பி, இதை ஒரு முறைகூடத் திறந்ததே இல்லை, புத்தம் புதிது போல் இருக்கிறது” என்கிறார். வேறெப் பொருளுக்கும் அது புகழுரை. சேமக் குடைக்கோ எச்சரிக்கை. திறக்கப்படாதது என்றால் காற்றாட விரித்து மீண்டும் மடிக்கப்படாதது என்பதே பொருள். மலாக்காவின் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் அழுத்தப்பட்டுக் கிடந்த துணியின் மடிப்புகள் எளிதில் பிரியாமற் போகலாம். செய்தோர் பலரும் ஆண்டுக்கொருமுறையேனும் மீண்டும் மடிக்குமாறும், பத்தாண்டளவில் பயன்பாட்டினின்று நீக்குமாறும் அறிவுறுத்துகின்றனர். ஆதலின் அவ்விளைஞன் விலையைக் கேட்குமுன், செய்யப்பட்ட ஆண்டையும் கடைசியாக மடிக்கப்பட்ட நாளையும் மடித்தவர் இன்னார் என்பதையும் கேட்டல் வேண்டும். வாங்கிய பின்னரும், தன் கச்சையில் அதனைப் பொருத்தித் தரையிலேயே தொங்கி, கைப்பிடி எட்டுகிறதா, இழுத்தால் குடை தடையின்றி வெளிவருகிறதா என்று தேர்ந்தவர் முன்னிலையில் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்காவில் குதிப்போரின் சேமக் குடையை உரிமம் பெற்ற மடிப்பாளரே மடித்தல் வேண்டும். அட்டையில் நாளிட்டுக் கையெழுத்திட்டு முத்திரையிடுதலும் வேண்டும். நைலான் குடையாயின் மடிப்பு 180 நாள்களுக்கே செல்லும். 2008ஆம் ஆண்டுக்கு முன்னர் அது 120 நாளாக இருந்தது. அம்மடிப்பாளர் தாம் மடித்த குடைகளுள் மிகப் பல விரிவதைக் காணாமலேயே போகலாம். காணாவிடினும் ஒவ்வொரு மடிப்பையும் நாளையே ஓருயிர் அதில் தொங்கும் என்பது போல மடிக்கிறார். வானில் தனித்து வீழ்பவன் உண்மையில் தனியன் அல்லன். முகமறியாத ஒருவரின் நாணயம் அவன் தலைக்கு மேலே விரிகிறது.