வந்து வந்து போகும் மஞ்சள் விளக்கு

கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. செக் இன்ஜின் லைட் என்பார்கள். சாவியைத் திருப்பியதும் எரிந்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட வேண்டும். எங்கள் 2015 மாடல் பெட்ரோல் காரில் அது ஓடும்போதே எரிய ஆரம்பித்தது. இரண்டு நாள் எரியும். பிறகு தானாக அணையும். அடுத்த வாரம் மறுபடி வரும்.

என் மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து திருநெல்வேலிக்கு விடியற்காலை 4.30க்கே கிளம்ப வேண்டும். வழியில் வண்டி நின்றுவிட்டால் அந்த இருட்டில் யாரைக் கூப்பிடுவது? லைட் எரிந்தால் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். விளக்கை ஒரு தடவை, என் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். அவ்வளவுதான்.

சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை கம்ப்யூட்டரை மாட்டி, "எர்ரரை அழிச்சாச்சு சார், இப்ப லைட் இல்ல பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை நான்கு காயில், நான்கு பிளக் எல்லாவற்றையும் மாற்ற 18,000 ரூபாய்க்கு எஸ்டிமேட். "இதில் எது கெட்டுப்போனது?" என்று கேட்டேன். "மொத்தமா மாத்திட்டா பிரச்சினையே இருக்காது சார்" என்றார்கள். விடை தெரியாத பையன் நான்கு விடைக்கும் டிக் போடுவது மாதிரி இருந்தது. இயற்பியல் வாத்தியாருக்கு மனசு ஒப்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு தம்பிதான் விஷயத்தைப் புரியவைத்தார். "லைட்டு அணைஞ்சாலும் கோடு உள்ளதான் சார் இருக்கும். யாரையும் அழிக்க விடாதீங்க."

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான ஓபிடி-2 முறைதான் இங்கும். அதில் ஸ்கேனரை மாட்டினால் கோளாறின் கோடு எண் தெரியும். கோளாறு இல்லாமல் பொதுவாகத் தொடர்ந்து மூன்று ஓட்டம் ஓடினால் விளக்கு அணையும். ஆனால் கோடு அதற்குப் பிறகும் பல நாள் நினைவில் இருக்கும். அதைவிட முக்கியம், கோளாறு வந்த நொடியில் வண்டியின் வேகம், இன்ஜின் சூடு, சுற்று எல்லாம் ஒரு புகைப்படம் போலப் பதிவாகியிருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும்.

எங்கள் வண்டியில் இருந்தது பி0303. மூன்றாவது சிலிண்டர் சில நேரம் எரியாமல் விடுகிறது என்று பொருள். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஷாஃப்டுக்கு ஒரு உந்து கிடைக்கிறது. ஒரு உந்து குறைந்தால் சுழற்சி துளி தளரும். சென்சார் அதைக் கண்டுபிடித்து, எந்த சிலிண்டர் என்பதையும் சொல்லிவிடும். வருகைப் பதிவேடு மாதிரிதான். மூன்றாம் நம்பர் அடிக்கடி ஆப்சென்ட்.

ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, மழையா வெயிலா, ஏசி உண்டா, ஓடும்போதா நிற்கும்போதா. மூன்று வாரத்தில் ஐந்து பதிவு. மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஐந்தும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏசி போட்டு, ரயில்வே கேட்டிலோ சிக்னலிலோ நின்றபோது. ஸ்கேனரும் அதையே சொன்னது: சூடு 91 டிகிரி, வேகம் பூஜ்யம்.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் சோதனை. மூன்றாவது காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை மூன்றிலும் மாற்றிப் போட்டார் தம்பி. காயில் கெட்டதென்றால் கோடு பி0302 ஆக மாற வேண்டும். நான்கு நாள் கழித்து மறுபடியும் பி0303. பிளக்கையும் அப்படியே மாற்றிப் பார்த்தோம். அப்போதும் 3தான். ஆக, காயிலும் பிளக்கும் நிரபராதிகள்.

மிச்சம் வயர். இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு கப்ளரின் வயரையும் தம்பி மெல்ல ஆட்டினார். மூன்றாவதைத் தொட்டதும் இன்ஜின் தடதடவென்று உதறியது. மேல் உறை நன்றாக இருக்க, கப்ளர் ஓரத்தில் உள்ளே செம்புக் கம்பி இழை இழையாக அறுந்து, இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. நிற்கும்போது ஏசி பாரத்தில் இன்ஜின் அதிரும், இழை விலகும், தொடர்பு போய்விடும். புதுக் கப்ளர், சால்டரிங், மேலே ஒரு ஸ்லீவ். கூலியோடு 650 ரூபாய். நான்கு மாதமாகிறது, விளக்கு வரவில்லை.

சுருக்கமாகச் சொன்னால்: விளக்கு நிலையாக எரிந்து வண்டி வழக்கம்போல ஓடினால் பதற வேண்டாம், கோடைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விட்டு விட்டு மின்னினால் ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அது பெரிய செலவு. சிவப்பில் ஆயில் விளக்கோ சூட்டு விளக்கோ வந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள்.

எந்தப் பொருளை மாற்றச் சொன்னாலும், "இதுதான் கெட்டது என்று எப்படித் தெரிந்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்படமாட்டார். பதில் சொல்வார்.