அன்போடு தரும் இலை

சிங்கப்பூரின் மார்சிலிங் அடுக்குமாடித் தாழ்வாரங்களில் மூலிகைத் தொட்டிகளுக்குக் குறைவில்லை. நம் வீட்டு வாசலில் துளசியும் கற்பூரவல்லியும் நிற்கும். அண்டை வீட்டுச் சீனப் பாட்டி வாசலில் தென்னாப்பிரிக்க இலை எனும் செடி. ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், மறுநாளே யாராவது ஒரு கட்டு இலையோடு கதவைத் தட்டுவார்கள். இனம் பாராத அந்த அக்கறை என்றும் வாழட்டும். ஆனால், அக்கறை மட்டும் மருந்தாகிவிடாது என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைப்பேராசிரியர் கோ ஹுவீ லிங் குழுவினர், இங்கே மக்கள் பயன்படுத்தும் ஏழு செடிகளின் இலைச் சாற்றை ஏழு வகைப் புற்றுநோய் உயிரணுக்களில் சோதித்து, முடிவுகளை 2019இல் அறிவித்தனர். தென்னாப்பிரிக்க இலை, நம் நீர்நொச்சி உட்பட மூன்று செடிகள் ஏழு வகையின் வளர்ச்சியையும் தடுத்தன. கேட்கவே மனம் குளிர்கிறது. ஆயினும் தகுதி பெற்றவரைக் கேட்காமல் தாமாக வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள்.

காரணம் சோதனையின் தன்மையிலேயே இருக்கிறது. உள்ளங்கையளவுத் தட்டில் 96 சிறு குழிகள். அவற்றில் மனித உயிரணுக்களை வளர்த்துச் சாற்றைப் பல அளவுகளில் விடுவார்கள். பிறகு மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்த்தால், உயிருள்ள அணுக்கள் அதை ஊதாவாக மாற்றும். ஊதா வெளிறினால் அணுக்கள் மடிந்தன அல்லது நலிந்தன என்று பொருள். புற்றணுவை அழிக்கும் அதே அளவு நல்ல அணுவையும் அழித்தால் அது மருந்தல்ல, நஞ்சு. அதனால்தான் நல்ல அணுக்களிலும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதில் தேறினாலும் போதாது. அந்தத் தட்டில் சிறுநீரகம் இல்லை, வயது இல்லை, நோயாளி ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை உண்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது. மூலிகை மாறிப்போய் அரிஸ்டோலோகிக் அமிலமுள்ள செடி அதில் கலந்திருந்தது. சில நாள் சோதனையில் தெரியாத கேடு, மாதக்கணக்கில் உண்டபின் வெளிப்பட்டது. நம் வைத்தியத்தில் பேசப்படும் ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அந்தச் செடியின் பேரினத்தைச் சேர்ந்தவையே.

மூலிகைகளை இப்படிச் சோதிப்பது முன்னோரை அவமதிப்பதாகச் சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னோர் கீரையையும் கிழங்கையும் உண்டு பார்த்தும், உண்டவரைப் பார்த்தும்தான் அறிந்தார்கள். அன்று மனித உடலே சோதனைக்களம். இன்று ஒருவரையும் துன்புறுத்தாமல் முதற்கட்டத்தைத் தட்டிலேயே பார்த்துவிடலாம். முன்னோர் அறிவைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி ஏது?

ஆகவே இலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள் என்றும் சொல்லுங்கள். வாங்கியவரும் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். என்ன இலை, எவ்வளவு, எத்தனை நாளாக என்று வெட்கப்படாமல் சொல்லட்டும். நாம் நேசிக்கும் ஒருவரின் உடம்பில் ஊகத்துக்கு இடம் தரக்கூடாது.