பாதியில் நின்ற கட்டுரையும் ஒரு ஜாம்பிப் படமும்

சென்ற டிசம்பரில், ஹைதராபாத் விடுதி அறையில், நள்ளிரவு தாண்டி 'அன்னா அண்ட் தி அபோகலிப்ஸ்' என்ற ஸ்காட்லாந்துப் படத்தைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள், ஜாம்பிகள், கிறிஸ்துமஸ், பாட்டு, நகைச்சுவை அனைத்தையும் ஒரே பானையில் இட்டுக் கிளறிய படம். மூன்றாண்டுகளுக்கு முன்பே இதைப் பார்க்கச் சொன்னவன் என் சக ஆய்வாளன். திகில் நகைச்சுவைப் படங்களில் பதின்பருவத்தினர் என்பது அவனது ஆய்வுப்பொருள். "பிணம் பாடினால்தான் உனக்கு முனைவர் பட்டமா?" என்று கேலி பேசித் தட்டிக்கழித்தேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஆறே நாள் காய்ச்சலில் அவன் இறந்துபோனான். இப்படத்தைப் பற்றி அவன் பாதி எழுதிவைத்திருந்த கட்டுரையை நெறியாளர் என்னிடம் தந்து, ஒரு தொகுப்புநூலுக்காக நிறைவுசெய்யப் பணித்தார். பார்த்தது அதனால்தான்.

கதை நிகழுமிடம் லிட்டில் ஹேவன் என்னும் சிற்றூர். பள்ளியிறுதியில் நிற்கும் அன்னா, பல்கலைக்கழகத்திற்குப் போகும்முன் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவர விரும்புகிறாள். அவள் படிக்கும் பள்ளியிலேயே பராமரிப்புப் பணியாளராக இருக்கும் தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. மறுநாள் காலை, காதில் ஹெட்போனுடன், புதுவாழ்வைப் பற்றிப் பாடியபடி தெருவில் நடக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னே ஊரார் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருக்கிறார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதேயில்லை.

இக்காட்சியைப் பதின்பருவத்தின் தன்மோகத்தைப் பகடிசெய்வதாக நண்பன் வாசித்திருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் இதே கட்டுரையை அனுப்பி, "ஒருமுறை படித்துச் சொல்" என்று கேட்டிருந்தான். என் இயலை முடித்துவிட்டுப் படிப்பதாகப் பதில் அனுப்பினேன். ஹெட்போன் மாட்டிக்கொள்ளப் பதின்பருவம் தேவையில்லை.

படத்தின் பிற்பகுதி இரக்கமற்றது. அன்னாவை மனத்துள் நேசிக்கும் தோழன் ஜான் கடிபடுகிறான். தந்தையையும் அவள் இழக்கிறாள். இறுதியில் மூவர் மட்டும் ஒரு காரில் ஊரைவிட்டு வெளியேறுகிறார்கள். மீட்கப் பட்டாளம் வரவில்லை. ஹாலிவுட் பாணியிலான சுபமுடிவு வாழ்க்கையில் கிடையாது என்று தொடக்கத்திலேயே உணவுக்கூடத்தில் பிள்ளைகள் ஆடிப்பாடிச் சொல்லிவிடுகிறார்கள். துள்ளலிசையில் அதை நாம்தான் கவனிப்பதில்லை.

படம் உருவான கதையும் இதற்கு இணையானது. இதன் மூலக்கரு ரையன் மெக்ஹென்றி என்ற இளைஞருடையது. 'ஹைஸ்கூல் மியூசிக்கல்' பார்க்கையில், நாயகனை ஒரு ஜாம்பி தின்றால் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியதாம். அதிலிருந்து 'ஜாம்பி மியூசிக்கல்' என்ற குறும்படத்தை எடுத்தார். நடிகர் ரையன் காஸ்லிங் சீரியல் உண்ண மறுப்பதாகக் காட்டும் குறுங்காணொளிகளால் உலகெங்கும் அறியப்பட்டவரும் அவரே. 2015 மே மாதம் எலும்புப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 27. அஞ்சலியாக, காஸ்லிங் ஒரு கிண்ணம் சீரியலை உண்டு காணொளி வெளியிட்டார். குறும்படத்தை முழுநீளப் படமாக்கும் பணியை நண்பர்கள் கைவிடவில்லை. ஜான் மெக்பெயில் இயக்க, 2017இல் படம் முதலில் திரையிடப்பட்டது. திரைக்கதையில் ஆலன் மெக்டொனால்டின் பெயரோடு மெக்ஹென்றியின் பெயரும் நிற்கிறது.

இறந்தவரின் பணியை முடிப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அவர் குரலிலேயே நாம் எழுதத் தொடங்கினால், அப்பிரதி நடக்கும், பேசும். உள்ளே அவர் இருக்கமாட்டார். ஜாம்பி என்பதும் அதுதானே? முதல் மாதம் முழுக்க நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். அவனுடைய சொற்களைப் பொறுக்கி, அவனைப்போலவே வாக்கியம் அமைத்து, ஏழு பக்கம் எழுதினேன். ஏழையும் நீக்கினேன்.

இப்போது அவன் எழுதியது அவன் விட்ட இடத்திலேயே, முற்றுப்பெறாத வாக்கியத்தோடு நிற்கிறது. அதன்கீழ் சிறிது இடம்விட்டு, என் பெயரில் என் பகுதி தொடங்குகிறது. அன்னா நடந்துபோகும் காட்சியில் அவனோடு நான் உடன்படவில்லை என்பதே அதன் முதல் வரி. உயிரோடிருந்தால் சண்டைக்கு வந்திருப்பான். நெறியாளர் படித்துவிட்டு அந்த இடைவெளியை மட்டும் நீக்கவேண்டாம் என்றார்.

உங்களிடம் யாரேனும் படித்துப்பார்க்கச் சொல்லி அனுப்பிய வரைவு இருந்தால், இப்பதிவுக்கு விருப்பக்குறி இடுவதற்குமுன் அதைத் திறந்து படியுங்கள்.