காலுறையும் காலின் உரையும்

யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்தவர்க்குக் காலுறை பள்ளிச் சீருடையின் ஓர் உறுப்பு. வீட்டுக்கு வந்ததும் முதலிற் கழற்றப்படும் பொருள். நுவரெலியாவில் வாழ்வோர்க்கோ அது சோற்றுக்கும் துணிக்கும் அடுத்த தேவை. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த இம்மலை நகரிலே, தை, மாசி மாதங்களிற் சில விடியற்காலைகளிற் புல்நுனிகளின் மேல் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருக்கும். சீமெந்துத் தரையில் வெறுங்காலை வைத்தாற் குளிர் முழங்கால்வரை ஏறும். ஆதலினாலே இந்நகரின் கடைவீதியிற் கம்பளிச் சட்டைகளும் தொப்பிகளும் காலுறைகளும் என்றும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் முதியோர் காலுறையை ‘மேசு’ என்பர். போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று. சிங்களத்திலும் அது ‘மேஸ்’ என்றே வழங்குகின்றது. பொருளோ அச்சொல்லினும் மிகப் பழையது. எகிப்து நாட்டிலே கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட கம்பளிக் காலுறைகள் இலண்டன் விக்டோரியா அல்பேட் அரும்பொருளகத்தில் உள்ளன. மிதியடியின் வார் நுழைவதற்காகக் கட்டைவிரலை வேறு பிரித்து, ஒற்றை ஊசியினாற் செய்யப்பட்டவை அவை. பல ஊசிகளைக் கொண்டு பின்னும் முறை அதற்குப் பிற்பட்டது. அந்தப் பிற்பட்ட முறை எங்கள் வீட்டினுள் நுழைந்த கதையையே ஈண்டு எழுதுகின்றேன்.

நான் மலைநாட்டுக் கல்லூரி ஒன்றிற் கணிதம் கற்பிப்பவன். தந்தையார் காலமான பின்னர், ஊரிலே தனித்திருந்த தாயாரை எங்களுடன் அழைத்து வந்தோம். அவருக்கு வயது 73. நீரிழிவு நோய் அவரை நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகின்றது. அந்நோய் நீடிக்கும்போது பாதத்து நரம்புகள் உணர்வு குன்றிப் போதல் உண்டு. சென்ற ஆண்டு அவருடைய செருப்பினுள்ளே ஒரு சிறு கல் அகப்பட்டது. அதனை மிதித்தபடியே அவர் அரை நாள் நடமாடியிருக்கின்றார். மாலையிலே தரையிற் குருதிக் கறை கண்ட பின்னரே புண் எங்களுக்குத் தெரிந்தது. அது ஆறுவதற்கு இரண்டு மாதங்கள் சென்றன. “கவனிக்காமல் விட்டிட்டன் தம்பி” என்று மட்டும் அம்மா சொன்னார்.

புண்ணுக்கு மருந்திட்ட தாதி சில அறிவுரைகளைக் கூறினார். வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடத்தலாகாது. மேல்விளிம்பிலே இறப்பர் நாடா இறுக்கும் காலுறை ஆகாது. விரல் நுனியிலே தடித்த தையல் ஓடும் காலுறையும் ஆகாது. நிறம் வெண்மையாயிருத்தல் நன்று. சிறு புண் உண்டாயினும் அதிற் கறை தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நாளும் இரு பாதங்களையும் விரலிடுக்குவரை பார்த்தல் வேண்டும். கடைவீதியில் நாங்கள் பார்த்த காலுறைகளுள் இந்நிபந்தனைகள் யாவற்றையும் நிறைவு செய்வது ஒன்றேனும் கிட்டவில்லை. தரம் 10இற் பயிலும் என் மகள், “நான் பின்னித் தாறன் அப்பம்மா” என்றாள். கழுத்துத் துணி ஒன்றைப் பின்னிய பழக்கம் மாத்திரமே அவளுக்கு அப்போது இருந்தது.

கழுத்துத் துணி ஒரு நீள்சதுரம். தொடங்கிய அகலத்திலேயே முடியும். காலுறையோ குழாயாகத் தொடங்கி, குதியிலே வளைந்து, விரல் நுனியிலே ஒடுங்கவேண்டிய உருவம். ஆயினும் அதன் கணக்கு எளியது. அம்மாவின் பாதத்தின் சுற்றளவு 9 அங்குலம். மகள் முதலிற் பின்னிப் பார்த்த மாதிரித் துண்டில் அங்குலத்துக்கு 8 கண்ணிகள் இருந்தன. எனவே 72 கண்ணிகள். காலுறை காலைத் தழுவி நிற்பதற்காக ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 64. நான்கு ஊசிகளில் ஊசிக்கு 16 கண்ணிகளாக நிறுத்தி, ஐந்தாவது ஊசியினாற் சுற்றிச் சுற்றிப் பின்னவேண்டும். குதிக்கு வந்ததும், பாதித் தொகையாகிய 32 கண்ணிகளை மட்டும் 32 வரிகளுக்கு முன்னும் பின்னுமாகப் பின்னவேண்டும். பின்னர் வரியை முடிக்காமல் இடையிலேயே திரும்பித் திரும்பிப் பின்னி அவற்றை 18 ஆக ஒடுக்கினால், தட்டையான துணி கிண்ணம்போலக் குழிகின்றது. இரு ஓரங்களிலும் 16, 16 ஆகக் கண்ணிகளை எடுத்து, காத்திருக்கும் 32உடன் சேர்த்தால் மொத்தம் 82. ஒன்றுவிட்ட ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்து வந்தால், 18 சுற்றுக்களில் மீண்டும் 64. இந்தக் கணக்கை மகள் தானே தாளில் எழுதிச் சரி பார்த்தாள்.

கணக்குச் சரியாயிருந்தும் முதற் காலுறை இறுகியது. அளந்து பார்த்தோம், அங்குலத்துக்கு 9 கண்ணிகள். மாதிரித் துண்டு விறாந்தையிலே தோழியுடன் கதைத்துக்கொண்டு பின்னியது. காலுறையோ இரவிலே விளக்கின் கீழ், அப்பம்மாவுக்குச் சரியாய் அமையவேண்டுமே என்ற கவலையோடு பின்னியது. மனத்தின் இறுக்கம் விரலில் இறங்கி, விரலின் இறுக்கம் நூலில் இறங்கிவிட்டது. 64 கண்ணிகள் 8 அங்குலத்துக்குப் பதிலாக 7 அங்குலமளவே சுற்றின. அம்மா அதனை அணிந்து, “பஞ்சு மாதிரி இருக்குப் பிள்ளை” என்றார். மாலையிலே கழற்றியபோது கணைக்காலைச் சுற்றி வளையம் இட்டாற்போல ஒரு பள்ளம் இருந்தது.

மகள் அதனைப் பிரித்தாள். பிரித்த கம்பளி நூல் சுருண்டு நிற்கும். அதனை நூற்கழியாகச் சுற்றி, இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, நிழலிலே தொங்கவிட்டால் மீண்டும் நேராகும். இரண்டாவது காலுறையை 72 கண்ணிகளில் தளர்வாகப் பின்னினாள். அது காலிலே நிற்காமல் வழுகி, உள்ளங்காலின் கீழ் மடிந்தது. “இது முந்தினதிலும் நல்லம்” என்றார் அம்மா. மடிப்பு அழுத்திய இடம் செந்நிறமாய் இருந்ததை மகளே கண்டாள்.

அன்று இரவு அவள் என்னிடம் வந்து, “அப்பம்மா எல்லாத்தையும் நல்லமெண்டுதான் சொல்லுறா. அப்ப நான் எதைத் திருத்துறது அப்பா?” என்று கேட்டாள். இதே கேள்வியை மறுநாட் காலையில் அப்பம்மாவிடமும் கேட்டாள். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, “நீ ராவிராவாய்க் குந்தியிருந்து பின்னினதை நான் என்னெண்டு பிள்ளை குறை சொல்லுறது? அதோடை, காலிலை எனக்கு ஒண்டும் தெரியேல்லை” என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் அதற்கு முன்னர் எங்கள் எவரிடமும் சொன்னதில்லை. கல் குத்திய நாளிலே அதனைத் தம் கவனக் குறைவு என்றே கூறியிருந்தார். ஊர்க் கோயிலின் வீதியை வெறுங்காலாற் சுற்றி வந்த ஒருவர், தம் கால் தரையை அறிவதில்லை என்று வாய்விட்டுச் சொல்வது எளிதான காரியமன்று. மகள் அவருடைய பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “இனிமேல் நான் பார்த்துச் சொல்லுறன். நீங்கள் எனக்காக நல்லமெண்டு சொல்ல வேண்டாம்” என்றாள்.

செய்து பார்த்துத் திருத்திக் கற்றல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். செய்து பார்ப்பது மட்டும் எவரையும் அறிஞராக்குவதில்லை. எது பொருந்தவில்லை என்ற செய்தி செய்தவரிடம் உண்மையாகத் திரும்பி வரவேண்டும். காலுறையைப் பொறுத்தவரை அச்செய்தியைச் சொல்லவேண்டியது கால். இங்கே கால் ஊமையாயிருந்தது. அதற்காகப் பேசிய வாயோ அன்பினால் மறைத்தது. எனவே அவ்விரண்டுக்கும் பதிலாகக் கண்ணையும் அளவுகோலையும் நாடவேண்டியதாயிற்று. மாலைதோறும் காலுறையைக் கழற்றியதும், மகள் ஒரு மின்சூளின் வெளிச்சத்திற் பாதங்களைப் பார்ப்பாள். எந்த இடத்தில் அடையாளம், எத்தனை நிமிடத்தில் அது மறைந்தது என்று ஒரு பயிற்சிக் கொப்பியிற் குறிப்பாள். தோலில் மாறுதல் எதுவும் நிலைத்திருப்பின் மருத்துவரிடம் செல்வது என்பது எங்கள் விதி.

மூன்றாவது காலுறை 64 கண்ணிகளுக்கு மீண்டது. இம்முறை அங்குலத்துக்கு 8 என்ற அளவை ஒவ்வொரு நாளும் அளந்து பார்த்தாள். தொடக்க வரியைத் தடித்த ஊசியிலே தளர்வாக இட்டு, அதன் கீழே நேர்க்கண்ணி இரண்டு, புறக்கண்ணி இரண்டு என்று வரிவரியாகப் பின்னியதால், விளிம்பு இறுக்காமலே நின்றது. குதியும் அமைந்தது. ஆனால் விரல் நுனியிலே கடைசிக் கண்ணிகளை நூலாற் சுருக்கி இழுத்து முடிந்திருந்தமையால், அங்கே சிறு மொட்டுப்போல ஒன்று தடித்து நின்றது. கொப்பியில், “வலது சுண்டுவிரல், சிவப்பு, 20 நிமிடம்” என்ற குறிப்பு ஏறியது.

அதற்கும் பழைய மாற்று ஒன்று உண்டு. மேற்பக்கத்துக் கண்ணிகளையும் கீழ்ப்பக்கத்துக் கண்ணிகளையும் எதிரெதிரே நிறுத்தி, மழுங்கிய ஊசியினால் நூலைக் கண்ணியின் வழியிலேயே செலுத்தினால், இரு பக்கங்களும் தையற் கோடின்றி ஒன்றாகிவிடும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியப் போர் அமைச்சராயிருந்த கிச்சனர் பிரபுவின் பெயரால் அம்முறை வழங்குகின்றது. நீண்ட வழி நடக்கும் போர்வீரனுக்கு ஒரு தையல் எவ்வளவு துன்பம் தரும் என்பதை எண்ணினால், அதன் அருமை விளங்கும். நான்காவது காலுறை அம்முறையில் முடிந்தது. கொப்பியில் மூன்று மாலைகள் தொடர்ந்து ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிய பின்னரே மகள் அதன் சோடியைத் தொடங்கினாள். 100 கிராம் நூற்பந்து ஒன்று இத்தனை முயற்சிகளையும் தாங்கி, ஒரு சோடிக் காலுறையாக முடிந்தது.

வகுப்பறையிலே தினமும் நான் கேட்கும் ஒரு சொல் உண்டு: “விளங்குது சேர்.” ஆசிரியரை வருத்தலாகாது என்ற மரியாதையினாற் சிலர் அதனைச் சொல்வர், தோழர் சிரிப்பரோ என்ற அச்சத்தினாற் சிலர் சொல்வர். விளங்காத இடம் எது என்பதே அறியாமற் சொல்வோரும் உளர். இம்மூன்றாவது வகையினரின் நிலை உணர்விழந்த பாதத்தின் நிலை போன்றது. அவர்களை, “விளங்கியதா?” என்று வினாவுவதிற் பயனில்லை, கரும்பலகையிலே ஒரு கணக்கைச் செய்ய விட்டு, கை எந்த வரியில் நிற்கின்றது என்று பார்க்கவேண்டும். நின்ற வரியே உண்மையைச் சொல்லும். அதனைக் கண்டு மாணவன் நாணவேண்டியதில்லை. பிரித்த நூல் கெட்டுப்போவதில்லை, மறுபடியும் பின்னலாம்.

மாணவர்களே, உங்கள் ஆசிரியருக்கு நீங்கள் செய்யும் பேருதவி, எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள் என்பதை மறையாது சொல்வதாகும். குடும்பத்தினருக்கோ ஒரு வேண்டுகோள். நீரிழிவுள்ள முதியோர் வீட்டில் இருப்பின், “கால் நோகின்றதா?” என்று மட்டும் கேட்டு அமையாதீர்கள். நோவை உணரும் ஆற்றலே அங்கு குன்றியிருக்கலாம். உணர்ந்தாலும் பிள்ளைகளுக்குத் தொல்லை ஏன் என்று அவர்கள் அடக்கிக்கொள்ளக்கூடும். காலுறை எத்துணை நேர்த்தியாகப் பின்னப்பட்டதாயினும் மருந்தாகாது. மருத்துவரின் கண்காணிப்புக்கு ஈடும் ஆகாது. அதனை மாலைதோறும் கழற்றிப் பார்க்கும் கைகளே முதியவர்க்கு மெய்யான காவல். அதற்கு வேண்டியவை ஒரு விளக்கும் ஐந்து நிமிடமும் மாத்திரமே.